வெத்தலை உரலும் ஒரு ஜன்னலும் - போட்டோகிராபியின் வீட்டு வரலாறு

முன்னெச்சரிக்கை: கொஞ்சம் பெரிய பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ஆயா தவறின அன்னிக்குக் காலைல பேனர் அடிக்கிறவர் போன் பண்ணினார். "நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பு தம்பி, பத்து மணிக்குள்ள வேணும்." நமக்கென்ன கவலை, நாமதான் காட்டுப்பள்ளியிலயே பெரிய கேமராக்காரன் ஆச்சேன்னு லேப்டாப்பைத் திறந்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் படம். பழவேற்காட்டுப் பூநாரை இருக்கு, தஞ்சாவூர் கோபுரம் இருக்கு, ராத்திரி விளக்கு போட்ட துறைமுக கிரேன் மட்டும் நானூறு இருக்கு. ஆயா? ஒரே ஒரு படம். சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல, யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி பாதி மூஞ்சி.

கடைசியில வாக்காளர் அட்டையில இருந்த படத்தைத்தான் பெருசு பண்ணி பேனர் அடிச்சோம். வாக்காளர் அட்டையில யார் மூஞ்சிதான் அவங்க மூஞ்சி மாதிரி இருந்திருக்கு? துக்கத்துக்கு வந்த கிழவிங்க ரெண்டு பேர் பேனரைப் பார்த்துட்டு, "இது யாருடா"ன்னு கேட்டாங்க. அது இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கேமராவைத் தொடல. தொட்டப்போ வெளியில எங்கயும் போகல. ஆயா வெத்தலை இடிக்கிற குட்டி இரும்பு உரலை ஜன்னல் ஓரமா வெச்சு எடுத்தேன். அங்கிருந்துதான் வீட்டுக்குள்ள படம் எடுக்கப் பழக ஆரம்பிச்சது. பொட்டி தட்டுறவன் புத்தி எங்க போகும், எதைக் கத்துக்கிட்டாலும் அதோட வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்க்கணும். அப்படித் தேடிப் படிச்சதுல ஒரு விஷயம் தெரிஞ்சுது. நான் வெக்கப்பட்டுக்கிட்டே ஆரம்பிச்ச இந்த வேலை புதுசு இல்லை. போட்டோகிராபியே வீட்டுலதான் பொறந்திருக்கு.



கேமரா கொண்டு எடுத்து இன்னிக்கும் மிச்சம் இருக்கும் படங்களில் மிகப் பழையது 1826 அல்லது 1827-ல் எடுக்கப்பட்டது. எடுத்தவர் நிசெபோர் நியெப்ஸ் என்கிற பிரெஞ்சுக்காரர். என்ன எடுத்தார்? ராஜாவையா, மாதா கோயிலையா? தன் வீட்டு மாடி ஜன்னலில் இருந்து தெரிந்த கொல்லைப்புறத்தை. ரெண்டு பக்கம் கட்டடம், நடுவில் ஒரு கூரை, அவ்வளவுதான். ஈயம் பூசின பாத்திரம் மாதிரி பளபளக்கும் ஒரு உலோகத் தகட்டில் ஒரு வகைத் தாரைப் பூசி, கேமராவுக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் தார் இறுகும். படாத இடத்தை லாவெண்டர் எண்ணெய் விட்டுக் கழுவிவிடலாம். குறைந்தது எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும், சில நாட்களே கூட ஆகியிருக்கலாம் என்கிறார்கள். அதனால்தான் அந்தப் படத்தில் ரெண்டு பக்கச் சுவரிலும் வெயில் அடிக்கிறது. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் ஒரே படத்தில்!

ஒரு சின்னக் கணக்கு. எட்டு மணி நேரம் என்றால் 28,800 நொடி. எங்க வீட்டு மொட்டை மாடியில் நல்ல வெயிலில் நான் 1/1000 நொடியில் எடுக்கிறேன். அதாவது நியெப்ஸ் காத்திருந்தது என்னைவிட 2 கோடியே 88 லட்சம் மடங்கு. நமக்கு ரெண்டு நொடி போகஸ் ஆகலைன்னா கோவம் வருது.

அடுத்தவர் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். மனுஷனுக்கு ஓவியம் வரையவே வராது. 1833-ல் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, வரைவதற்கு உதவும் கண்ணாடிக் கருவியெல்லாம் வைத்துக்கொண்டும் படம் கோணல்மாணலாக வந்ததாம். இயற்கையே தன்னை வரைந்துகொண்டால் என்ன என்று அப்போது யோசித்தவர், 1835 ஆகஸ்டில் லேக்காக் என்ற ஊரில் தன் வீட்டு ஜன்னலையே படம் எடுத்தார். அந்த நெகட்டிவ் கிட்டத்தட்ட ஒரு தபால்தலை அளவு. நமக்கு இன்றைக்குக் கிடைத்திருக்கும் நெகட்டிவ்களில் மூத்தது அதுதான். சின்னச் சின்ன மரப்பெட்டிகளை அவர் வீடு முழுக்க அங்கங்கே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்து, அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் அதுக்கு "எலிப்பொறி"ன்னு பேர் வெச்சாங்களாம். எல்லா ஊரிலும் வீட்டம்மா வீட்டம்மாதான் :-)

1844-லிருந்து 1846 வரை ஆறு பாகமாக அவர் வெளியிட்ட 'இயற்கையின் பென்சில்' புத்தகத்தில் மொத்தம் 24 படங்கள். அலமாரியில் அடுக்கிய பீங்கான் சாமான், கண்ணாடி சாமான், புத்தகத் தட்டு, கூடையில் பழம், திறந்த கதவோரம் சாய்த்து வைத்த ஒரு துடைப்பம். நம்ம வீட்டில் யாராவது துடைப்பத்தைப் படம் எடுத்தால் வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. ஆனால் போட்டோகிராபி வரலாற்றில் மிகவும் மதிக்கப்படும் படங்களில் அதுவும் ஒன்று.

ஏன் துடைப்பம்? அது ஆடாது அசையாது என்பது ஒரு காரணம். பக்கத்திலேயே இருக்கு, நாளைக்கும் இருக்கும், தப்பா வந்தால் மறுபடி எடுக்கலாம் என்பதையும் நான் சேர்த்துக்குவேன். கத்துக்குட்டிக்கு வேறென்ன வேணும்?

இதில் ஒரு வேடிக்கை. டால்பட்டின் அந்தப் பீங்கான் அலமாரியும் புத்தகத் தட்டும் உண்மையில் வீட்டுக்குள் இல்லை. உள்ளே இருந்த வெளிச்சம் அன்றைய காகிதத்துக்குப் போதாது. அதனால் தட்டையும் புத்தகத்தையும் வெளியே முற்றத்துக்குக் கொண்டுவந்து அடுக்கி, வெயிலில் எடுத்திருக்கிறார். முதல் படமே வீட்டில் எடுத்ததுதான், ஆனால் வீட்டின் உள்ளே இருந்த இருட்டுக்குள் கேமராவால் நுழைய முடியவில்லை.

பீங்கான் படத்தைப் பற்றி டால்பட் எழுதின ஒரு யோசனை என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. இந்தச் சாமானை எல்லாம் ஒருநாள் திருடன் கொண்டுபோய்விட்டால், வாய் பேசாத இந்தப் படத்தைக் கோர்ட்டில் சாட்சியாக வைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். இந்தச் சாட்சி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.



நம்ம ஊர்ப் பக்கம் வருவதற்கு முன்னாடி ஒரு அம்மாவைச் சொல்லிடறேன். ஜூலியா மார்கரெட் கேமரன், 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். (கேமரன் என்பது வீட்டுக்காரர் பேர், கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை!) 1863-ல் 48 வயசில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுக்க, அதுக்கு அப்புறம்தான் கத்துக்க ஆரம்பிக்கிறார். கரி போட்டு வைக்கிற அறை இருட்டறை ஆச்சு. கோழிக்கூண்டு ஸ்டுடியோ ஆச்சு. வீட்டு வேலைக்காரப் பெண்கள் மாடல் ஆனார்கள். படத்தில் போகஸ் இல்லை என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள். இன்றைக்கு அதே படங்கள் மியூசியத்தில் இருக்கின்றன. 1875-ல் குடும்பத்தோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கேயும் களுத்துறையில் வீட்டைச் சுற்றி இருந்த உழைப்பாளி ஜனங்களைப் படம் எடுத்தார். 1879-ல் மலையகத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம். முப்பது வயசு நெருங்குதே, இனிமே எங்க கத்துக்கறதுன்னு புலம்பற என்னை மாதிரி ஆளுங்க இவங்க கோழிக்கூண்டை நினைச்சுக்கலாம்.



இப்ப மெட்ராஸ். நம்ம கதை இங்கதான் வேற ரூட்டில் போகுது.

1850-களின் நடுவில் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் மூன்று இடத்திலும் போட்டோ சங்கங்கள் வந்துவிட்டன. மெட்ராஸில் இதுக்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற டாக்டர். 1850-ல் அவர் ஆரம்பித்த கலைப் பள்ளிதான் இன்றைக்குப் பெரியமேட்டில் இருக்கும் கவின் கலைக் கல்லூரி. ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். ரயிலும் கேமராவும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் நம்ம வடக்கு மெட்ராஸ் காற்றைச் சுவாசித்திருக்கின்றன.

அதே சமயத்தில் மெட்ராஸ் மாகாணத்தின் அரசாங்க போட்டோகிராபராக வந்தவர் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி. மெழுகு தடவின காகித நெகட்டிவ்களோடு 1857-58-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்னிக்கு நம்ம போனில் பனோரமா எடுக்கிறோமே, அதை 1858-ல் கையால் செய்திருக்கிறார் மனுஷன். 1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்ததும், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார்.

டிரைப்பின் படங்கள் அழகு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரும்பாலான படங்களில் ஆளே கிடையாது. கோயில், கோட்டை, பாறை, மண்டபம். ஆள் அசைந்தால் படத்தில் பதிய மாட்டான் என்பது ஒரு பக்கம். சர்க்கார் பணம் கொடுத்ததே நினைவுச்சின்னங்களைப் பதிவு பண்ணத்தான் என்பது இன்னொரு பக்கம். ஆட்களைப் படம் எடுத்தபோதும் எப்படி எடுத்தார்கள்? 1868-லிருந்து 1875 வரை எட்டுப் பாகமாக வந்த 'இந்திய மக்கள்' என்கிற சர்க்கார் புத்தகத்தில் மனுஷங்களை ஜாதி, குலம் என்று லேபிள் ஒட்டி, கல்லூரி லேபில் பூச்சி மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒருத்தர் தன் வீட்டுத் துடைப்பத்தை எடுத்த கருவி, நம்ம ஊருக்கு வரும்போது சர்வேக்காரன் கையில் வந்தது.

அப்புறம் ஸ்டுடியோக்கள் வந்தன. 1880-களிலிருந்து 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு தேடிப் பிடித்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. ஸ்டுடியோ படம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். ஒரு நாற்காலி, பக்கத்தில் ஸ்டூல் மேல பூஜாடி, பின்னாடி திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு இல்லன்னா தோட்டம். கல்யாணம் ஆனா ஒரு படம், கொழந்தை பொறந்தா ஒரு படம். போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு நம்பினவங்க அதுக்கும் போகல. சாவு வீட்டில் உடம்பை உட்காரவைத்து எடுக்கிற படம்தான் பல குடும்பங்களில் ஒருத்தருக்கு முதலும் கடைசியுமான படம்.

எங்க ஆயாவும் தாத்தாவும் கல்யாணமான புதுசுல திருவொற்றியூர் போய் ஒரு ஸ்டுடியோ படம் எடுத்தாங்களாம். அது மழைத் தண்ணியில ஊறிப் போச்சு. அதுலயும் பின்னாடி அரண்மனைத் தூண் இருந்துச்சுன்னு அப்பா சொல்வார். ஓலை வீட்டுல பொறந்து ஓலை வீட்டுல வாழ்ந்த ரெண்டு பேருக்குப் பின்னாடி, அவங்க கண்ணால பார்க்காத அரண்மனை.

கேமரா வீட்டுக்கு வரலையான்னு கேட்டா, வந்துச்சு. ஆனா வசதியான வீட்டுக்கு. 1888-ல் ஈஸ்ட்மேனின் கோடக் 100 படத்துக்கான சுருளோடு வந்தது. 1900-ல் அதே கம்பெனி பிரவுனியை ஒரு டாலருக்கு விற்று, அமெரிக்காவில் சின்னப் பசங்க கையில கூட கேமரா கொடுத்துச்சு. நம்ம ஊரில் அந்த இடத்துக்கு வந்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. உங்க வீட்டுப் பரண்ல கூட ஒண்ணு இருக்கலாம், பாருங்க. 1960-ல் ஊட்டியில் ஆரம்பித்த அரசு நிறுவனம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பேரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. அதுவும் இப்போது மூடியாச்சு.

கிளிக் 3-ல் ஒரு சுருளுக்கு 12 படம். கழுவ, பிரிண்ட் போடத் தனிக் காசு. பன்னிரண்டில் ஒண்ணை யாராவது சோத்துக் குண்டானுக்குச் செலவு பண்ணுவாங்களா? திருப்பதி மொட்டைக்கும், காது குத்துக்கும், மகாபலிபுரம் டூருக்கும்தான் சரியா இருக்கும். அப்படியே வீட்டில் எடுத்தாலும் புதுத்துணி போட்டுக்கிட்டு வாசல் வெயிலில் வரிசையா நிக்கிறதுதான். சமையல்கட்டு இருட்டு. டால்பட்டுக்கு இருந்த அதே பிரச்சனை.

என்னோட பிரச்சனை வேற. எனக்குப் பிலிம் செலவு கிடையாது, சென்சார் இருட்டிலயும் எடுக்கும். ஆனா படம்னா கோபுரம், பறவை, சூரிய உதயம்னு மண்டைக்குள்ள யாரோ லேபிள் ஒட்டி வெச்சிருந்தாங்க. நான் எங்க ஊர்லயே சர்வேக்காரனா சுத்திக்கிட்டு இருந்திருக்கேன்.



சரி, வீட்டுக்குள்ள என்ன கத்துக்கிட்டேன்? செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் 1.8 லென்ஸ், ஒரு ஜன்னல். வாரம் முழுக்க ஓஎம்ஆர் பக்கம் ஆணி புடுங்கிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி மீஞ்சூரில் இறங்கி ஊருக்கு வர்ற எனக்கு சனி, ஞாயிறு காலைதான் நேரம்.

முதல் பாடம் ஜன்னல். உரலை ஜன்னலுக்கு நேரா முன்னாடி வெச்சா தட்டையா இருக்கு. ஜன்னல் பக்கவாட்டில் வர்ற மாதிரி வெச்சா ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், இரும்பில் இருக்கிற பொத்தல் எல்லாம் தெரியுது. நேர் வெயில் விழுந்தா ஜன்னல்ல அப்பாவோட வெள்ளை வேட்டியைக் கட்டிடுவேன். இருட்டுப் பக்கத்தில் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தினா நிழல் லேசாகிடும். மொத்தச் செலவு இருபது ரூபா.

ரெண்டாவது பாடம் எவர்சில்வர் சொம்பு. எடுத்துப் பாருங்க, உங்க மூஞ்சி, ஜன்னல், டியூப்லைட், கொடியில் காயற பனியன் எல்லாம் அதில் தெரியும். அதைச் சரி பண்றதுக்குள்ள வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்க போய் முட்டுதுன்னு புரிஞ்சிடும். மூணாவது, குழம்பு கொதிக்கும்போது வர்ற ஆவி. அதுக்குப் பின்னாடி இருந்து வெளிச்சம் வந்தா மட்டும்தான் ஆவி தெரியும்.

இதெல்லாம் சின்னப்பசங்க வேலைன்னு நினைச்சா, எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள்ள வெச்சு எடுத்த படத்தைத் தேடிப் பாருங்க. (படம் எடுத்து முடிச்ச மிளகாயைச் சாப்பிட்டும் இருக்கார்.) ஜோசப் சுதெக்கைப் பாருங்க. முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். நாஜிகள் பிராக் நகரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1940-ல் ஆரம்பித்து 1954 வரை தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். பனி படிஞ்ச அதே கண்ணாடி, பதினாலு வருஷம்.

நம்ம பக்கத்துலயே இருக்கார் ஒருத்தர். மதுரைக்காரர் எம். பழனி குமார். மீன் விற்கிற தன் அம்மாவைப் படம் எடுத்தவர். 2022-ல் முதல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான் கிடைத்தது. மீன் கூடைக்காரி வீட்டுப் பையன் அம்மாவைப் படம் எடுக்க, அது உலகத்துக்குப் போகுது. எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.



அந்தச் சாட்சி விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஸ்கூல் படிக்கும்போது இருந்த எங்க பழைய வீடு இப்ப இல்லை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், 2010-ல் கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை, அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம்னு எங்களைச் சுத்தி எல்லாம் வந்துச்சு. ஊர் இடம் மாறுச்சு, வீடும் போச்சு. எது சரி, எது தப்புங்கறது வேற பதிவு. நான் சொல்ல வந்தது வேற.

போன மாசம் சாப்பிடும்போது பேச்சு வந்துச்சு, பழைய வீட்டுல ஆயாவோட அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு. அம்மா பின்வாசல் ஓரம்னாங்க. அப்பா இல்லவே இல்ல, உப்பங்கழிக் காத்து அடிக்கும், அந்தப் பக்கம் அடுப்பு எப்படி இருக்கும்னார். அத்தைக்குப் போன் போட்டோம், அவங்க மூணாவதா ஒரு இடம் சொன்னாங்க. இருபது வருஷம் அதே அடுப்புச் சோறு சாப்பிட்ட மூணு பேர், மூணு இடம். தீர்த்து வைக்க ஒரு படம் இல்லை. அந்த ஊரைச் செயற்கைக்கோள் படம் எடுத்திருக்கு, பேப்பர்காரங்க எடுத்திருக்காங்க, கோயில் திருவிழா வீடியோ இருக்கு. அடுப்பு மட்டும் எதிலயும் இல்லை. டால்பட் பீங்கானுக்கு வெச்சுக்கிட்ட வாய் பேசாத சாட்சி எங்க குண்டானுக்கு இல்லை.

அதனால இப்ப கணக்கா எடுக்கிறேன். அம்மாவோட அருவாமனை, அப்பா வலை பின்னுற ஊசி, சாமி மாடம், செருப்பு கழட்டிப் போடுற வாசப்படி, கேஸ் அடுப்பு எந்தப் பக்கம் இருக்குங்கறது உட்பட.

போன ஞாயித்துக்கிழமை அம்மா பின்வாசல்ல உக்காந்து மடவை மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. காலை எட்டு மணி வெளிச்சம் பக்கவாட்டில் விழுது, செதில் எல்லாம் சில்லறைக் காசு மாதிரி மின்னுது. நான் தரையில படுத்துக்கிட்டு எடுத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னாடா, நாறுற மீனைப் போய் போட்டோ புடிச்சினு கீற? மொதல்ல அந்தத் தண்ணிய எடுத்து ஊத்து"ன்னாங்க. அப்படிச் சொல்லும்போது லேசா ஒரு சிரிப்பு. அதையும் எடுத்துட்டேன். போகஸ் கொஞ்சம் தப்பிடுச்சு. பரவாயில்லை, கேமரன் அம்மா மன்னிப்பாங்க.

நீங்களும் இன்னிக்கு ஒண்ணு எடுங்க மக்களே. புதுத்துணி எல்லாம் வேணாம், வீட்டுல இருக்கிறவங்க என்ன வேலையா இருக்காங்களோ அப்படியே எடுங்க.

பி.கு: உரல் படம் நூத்துப் பத்து தடவை எடுத்து, நூத்திப் பதினோராவது சரியா வந்துச்சு. பிரிண்ட் போட்டு, ஆயா பேனர் படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். வீட்டுக்கு வர்ற கிழவிங்க இப்பல்லாம் பேனர் படத்தைப் பார்க்கறதில்லை. உரலைப் பார்த்துதான், "ஐயோ, நம்ம கெழவி"ங்கறாங்க.